பிள்ளையின் காதைப் பற்றிப் பிள்ளையிடமும் பேசுங்கள்

பழைய வடஆற்காட்டில் காது சோதிப்பவர்கள், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள், சிறப்பாசிரியர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்று மாவட்டமாகப் பிரித்துவிட்டாலும், காதுக்கு வைத்தியம் பார்க்க அலைகிறவர்களுக்கு இது இன்னும் ஒரே ஊர்தான். ஒடுகத்தூரிலிருந்து வருவார்கள், சோளிங்கரிலிருந்து வருவார்கள், எல்லை தாண்டி சித்தூரிலிருந்தும் பலமநேரிலிருந்தும்கூட வருவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. குடியாத்தத்தில் ஒரு லுங்கி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினோரு வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும் என்று சொன்னதால் ஓடி ஆடி வலது காதில் காக்ளியர் ஆபரேஷன் செய்துவிட்டோம். உள்காதில் ஒரு ஒயரை வைத்து, வெளியே மாட்டும் மெஷின் வழியாகச் சத்தத்தை நரம்புக்கு அனுப்பும் ஆபரேஷன் அது.

அவள் பெயரில் வீட்டில் ஒரு கட்டு காகிதம் இருக்கிறது. சத்தத்துக்கு நரம்பும் மூளையும் அசைகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் ரிப்போர்ட், எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம், மெஷினைப் பிள்ளைக்கு ஏற்றபடி சரிசெய்யும் மேப்பிங் சீட்டு, காப்பீட்டுக் கடிதம், அவள் படம் போட்ட மாற்றுத்திறனாளி அட்டை. அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொன்னீர்கள். என் வீட்டுக்காரருக்குச் சொன்னீர்கள். துணைக்கு வந்த என் தம்பிக்குக்கூடப் படம் போட்டு விளக்கினீர்கள். யாருடைய காதோ அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் நடுவில் உட்கார்ந்து எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் முடிந்ததும் கையில் ஒரு சாக்லேட், ஒரு ‘குட் கேர்ள்’.

எந்த ஆஸ்பத்திரி, எந்த சென்டர் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு இடத்தின் குறையாக இருந்தால் அங்கேயே போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். நான் போன இடமெல்லாம் இப்படித்தான் இருந்தது, மற்ற அம்மாக்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். உங்களில் பலர் எங்களுக்கு நிறையச் செய்திருக்கிறீர்கள், அதையும் மறக்கவில்லை.

நாம் சொல்லாவிட்டால் பிள்ளை எதையும் யோசிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அது தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும். என் மகளுக்கு நாலைந்து வயதிருக்கும்போது ஒரு பெரிய சந்தேகம். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். பால்காரர் வந்து நின்றதும் திரும்பாமலே எழுந்து போவார். எப்படித் தெரிந்தது? சுவரைத் தாண்டிப் பார்க்கிற கண் பெரியவர்களுக்கு இருக்கிறது, தானும் பெரியவளானால் வந்துவிடும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தக் கூட்டத்தில் பம்பையும் மேளமும் பக்கத்தில் வரும்போது அதிர்வு நெஞ்சில் இடிக்கும். நெஞ்சில் கையை வைத்து, ‘இதுதானே கேட்கிறது?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எல்லோருக்கும் சத்தம் நெஞ்சு வழியாகத்தான் போகிறது, மற்றவர்களுடைய நெஞ்சு தன்னுடையதைவிடக் கெட்டிக்கார நெஞ்சு என்பது அவள் கணக்கு. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காது என்பது என்ன, மற்றவர்களிடம் இருந்து தன்னிடம் இல்லாதது எது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்போதே அவள் வாராவாரம் தெரபிக்கு வந்துகொண்டிருந்தாள். ‘ஆ’, ‘ஈ’, ‘ம்’ எல்லாம் சொல்லுவாள். எதற்காகச் சொல்கிறோம் என்று மட்டும் தெரியாது.

வீட்டில் நாங்கள் சொல்லத் தொடங்கியது அதற்கப்புறம். என் வீட்டுக்காரர் விவசாயக் குடும்பம். சிலேட்டில் ஒரு காது வரைந்தார். உள்ளே செவிப்பறை, அதற்குள் மூன்று குட்டி எலும்பு, அதற்கும் உள்ளே நத்தைக் கூடு. அந்தக் கூட்டுக்குள் பதினைந்தாயிரம் மாதிரி மெல்லிய மயிர்ச்செல்கள் நெல் நாற்றாட்டம் நிற்கும், சத்தம் வந்தால் சாய்ந்து நிமிரும், உனக்கு அந்த நாற்று முளைக்கவில்லை என்றார். அவள் உடனே தன் காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ‘டாக்டர் நட மாட்டாரா?’ என்று கேட்டாள். நட முடியாது, அதற்குப் பதிலாகத்தான் ஒரு சின்ன ஒயரை உள்ளே வைத்திருக்கிறார்கள், அது நாற்றைத் தாண்டிப் போய் நரம்பை நேராகத் தொடும் என்று சொன்னோம். முழுவதும் புரிந்திருக்காது. ஆனால் அன்றைக்கு ராத்திரி மெஷினைக் கழற்றும்போது அதைத் தடவிப் பார்த்துவிட்டு டப்பாவில் வைத்தாள். அதுவரை தூக்கித்தான் போடுவாள்.

இதைச் சொல்வது உங்கள் வேலைக்கும் உதவும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ‘எங்களுக்கு நேரம் இல்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது.

ஆடியோகிராம் எடுக்கும் அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்பீர்கள். என் மகள் சத்தத்துக்கு அழுத்தவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேடத்தின் முகத்துக்கு அழுத்தினாள். மேடம் தலையைக் குனிந்து எதையோ திருகினால் அழுத்துவாள், நிமிர்ந்து பார்த்தால் அழுத்துவாள். ஏன் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். அழுத்தினால் எல்லோரும் சிரிக்கிறார்கள், அழுத்தாவிட்டால் அம்மா முகம் வாடுகிறது என்றாள். அந்தத் தாளையும் அவள் மார்க் சீட்டு என்றுதான் நினைத்திருந்தாள். சிவப்பு வட்டமும் நீலப் பெருக்கல் குறியும் கீழே கிடக்கின்றன, கீழே இருந்தால் மார்க் குறைவு, சிவப்பு என்றால் ஃபெயில். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம், உலகம் முழுவதும் அப்படித்தான் போடுவார்கள். தாளில் கீழே போகப் போக அந்தக் காதுக்கு அவ்வளவு பெரிய சத்தம் வேண்டும் என்று அர்த்தம், இது பரீட்சை இல்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா? எனக்குத் தெரிந்த மட்டும் அவளுக்குச் சொன்னேன். சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் பக்கம் இருக்கும், உனக்கு 90க்கு மேலே போனாலும் ஒன்றும் தெரியாது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கேட்கவில்லை என்றால் சும்மா உட்கார், அதுவும் சரியான பதில்தான் என்றேன். அடுத்த முறை சும்மா உட்கார்ந்தாள். சரியான ரிப்போர்ட் வந்தது.

மேப்பிங்கிலும் இதே கதைதான். சத்தம் எந்த அளவுக்கு ஏறினால் தாங்கும் என்று பிள்ளை சொன்னால்தான் நீங்கள் மெஷினைச் சரியாக வைக்க முடியும். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் தலையாட்டுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? தலையாட்டுவது காது கேளாத பிள்ளைகள் எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிற வித்தை. தலையாட்டினால் கேள்வி நின்றுவிடும். பேட்டரி தீர்ந்திருந்தாலும் ஆட்டும், தலையில் ஒட்டும் காயிலின் (coil) ஒயர் விட்டுப்போயிருந்தாலும் ஆட்டும். நம்ம வேலூர் வெயிலில் வியர்வை இறங்கி மெஷின் மக்கர் பண்ணுவது சித்திரையில் வாடிக்கையாக நடக்கிறது. தன் காது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிள்ளை ‘இன்னைக்கு சத்தம் கரகரங்குது’ என்று வந்து சொல்லும். தெரியாத பிள்ளை, இன்றைக்கு டீச்சர் சரியாகப் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். ஒரு மாதம் பாடம் போன பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

அடுத்தது ஆபரேஷனைப் பற்றி நீங்கள் பிள்ளை காதுபட, சரி, கண்பட, பேசும் பேச்சு. ‘ஆபரேஷன் ஆயிடுச்சு, இனிமே நார்மல்’ என்று பெற்றவர்களிடம் சொல்கிறீர்கள். எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறீர்கள். ஆனால் பிள்ளைக்கு அது பொய் என்று அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிடும். குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி போனபோது, மெஷின் ரிப்பேருக்குப் போன நாட்களில் அவளுக்கு ஒன்றும் கேட்காது. கரண்ட் போனால் எங்கள் வாயும் தெரியாது, கையும் தெரியாது. அப்போது அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவோம். பதினைந்தாயிரம் செல் செய்கிற வேலையை 12 முதல் 22 வரை உள்ள மின்முனைகளை வைத்துச் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டத்திலும் கல்யாண மண்டபத்திலும் அது திணறும் என்பதும் தெரியும். பிள்ளையிடம் ‘நீ நார்மல்’ என்று சொல்லிவிட்டால், வகுப்பில் புரியாதபோது அது தன் காதைச் சந்தேகப்படாது, தன் மூளையைத்தான் சந்தேகப்படும். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் வந்து, ‘நான் மக்கா?’ என்று கேட்டாள். இல்லை, உனக்குக் காது கேட்காது, மெஷின் பாதி வேலையைச் செய்கிறது, மீதி வேலையை நீ கண்ணாலும் யோசனையாலும் செய்கிறாய், அதனால்தான் சாயந்திரம் தலை வலிக்கிறது என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும்.

அந்த அட்டையைப் பற்றியும் கேட்டாள். மெஷின் போட்டால் கேட்கிறதே, அப்புறம் எதற்கு அட்டை? 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் எழுதியிருக்கிறது. மெஷின் இல்லாமல் அளந்த காதை வைத்துத்தான் அட்டை தருகிறார்கள் என்று விளக்கினேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் கூடுதல் நேரமும் உண்டு என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். ‘பாவம்னு தர்றாங்களா?’ என்றாள். இல்லை, உன் உரிமை. இதை நான் சொல்வதைவிட அவள் ஆசிரியை சொன்னால் அவள் நம்புவாள்.

இப்போது எங்களுக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சென்டர்களில் காது கேளாத பெரியவர் ஒருவர்கூட இல்லை.

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் மெஷின் இல்லை, தெருவில் இல்லை, சோதிக்கிற மேடத்துக்கு இல்லை, சொல்லிக்கொடுக்கிற சாருக்கு இல்லை. காத்திருக்கும் அறையில் காதில் மெஷினோடு இருப்பவை எல்லாம் குழந்தைகள்தான். இதைப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? என் மகள் ஏழு வயதில் நினைத்தது இது: பெரியவர்களுக்கு மெஷின் இல்லை, ஆகவே பெரியவளானால் காது வந்துவிடும். பால் பல் விழுந்து வேறு பல் முளைத்த வயசு அது. நாங்கள் அத்தனை சொல்லியும் இந்த எண்ணம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. சொல்வதை ஒரு தடவையோடு நிறுத்த முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இது என் மகளுக்கு மட்டும் வந்த யோசனையும் இல்லை. காது கேளாத பெரியவரைப் பார்க்காமலே வளரும் பிள்ளைகள், தாங்கள் வளர்ந்ததும் கேட்க ஆரம்பிப்போம் என்று நம்புவது பல நாடுகளில் பதிவான விஷயம். சில பிள்ளைகள், பெரியவர்களே இல்லை என்பதால் நாம் பெரியவர்களாகும் முன் செத்துவிடுவோம் போலிருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் பஜாரில் ஒரு தையல் கடை. அங்கே வேலை பார்ப்பவருக்குக் காது கேட்காது, அவர் மனைவிக்கும் கேட்காது. அளவு ஜாக்கெட் கொடுக்கப் போனபோது மகளையும் கூட்டிப் போனேன். அவர் இவள் காதைப் பார்த்தார், தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார், சிரித்தார். இவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, ‘இவ்ளோ பெரியவருக்குமா?’ என்றாள். அவருக்கு மீசை நரைத்திருந்தது. அதைத்தான் வெகுநேரம் பார்த்தாள். அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் போக எதையாவது கிழித்துக்கொண்டு வருவாள். அவர்களுக்குக் காது கேட்கிற ஒரு பையன் இருக்கிறான். குழந்தையாக இருந்தபோது ராத்திரி அழுதால் எப்படித் தெரியும் என்று இவள் கேட்டதற்கு, சேலைத் தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுப்பேன் என்று அந்த அம்மா நடித்துக் காட்டினார். கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், தொழில் இருக்கும், கடைக்காரரோடு கூலிக்குச் சண்டை போடலாம், போனில் வீடியோ போட்டுக் கையால் மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசலாம். நான் பேசிப் புரியவைக்க முடியாத எத்தனையோ விஷயங்கள் அந்தத் தையல் மெஷின் பக்கத்தில் அவளுக்குப் புரிந்தன.

அப்படிப்பட்டவர்களைச் சென்டருக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு அரை நாள் வந்து உட்காரட்டும், அதற்கு ஊதியம் கொடுங்கள். காட்பாடி வொர்த் டிரஸ்ட் மாதிரி மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் பட்டறைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே படித்து முடித்த பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருப்பார்கள். இது ஏதோ ஆசைக்குக் கேட்பதும் இல்லை. சைகை மொழி தெரிந்த, மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்களையும் சேர்த்து வேலைக்கு எடுக்க வேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது.

சைகை என்றதும் உங்களில் சிலருக்கு முகம் மாறும். ‘கை பேச ஆரம்பிச்சா வாய் பேசாதும்மா’ என்று எங்களை எச்சரித்தவர்கள் உண்டு. தையல் கடைக்குப் போவதை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. நான் நிறுத்தவில்லை. அவள் வாயும் பேசுகிறது, கையும் பேசுகிறது. ஆபரேஷன் செய்த குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை, ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட ஆசையில்லை. ஆனால் சைகை கற்றால் பேச்சு கெட்டுவிடும் என்பதற்கு யாரும் எனக்கு ஆதாரம் காட்டவில்லை. முதல் சில வருடங்களில் குழந்தை எந்த மொழியும் முழுசாகக் கிடைக்காமல் பட்டினி கிடப்பதுதான் நிஜமான ஆபத்து. 1880இல் மிலான் நகரத்தில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு சைகையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டியது. அதே மாநாட்டு வரிசையில் 2010இல் வான்கூவரில் கூடியவர்கள் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்துவிட்டார்கள். 130 வருடம் கழித்து அவர்களே விட்டுவிட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதியில் பத்தாயிரம் சொற்கள் இருக்கின்றன, போனிலேயே வீடியோவாகப் பார்க்கலாம். நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து அதில்தான் கற்றுக்கொள்கிறோம். அவருக்குக் கை விரல் தடித்த விரல், அவர் போடும் சைகை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்று மகள் திட்டுவாள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: வீட்டு மொழியை விட்டுவிடச் சொல்வது. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் உருது பேசும் வீடுகள், எங்கள் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகள் எத்தனை! தெரபி தமிழில், அம்மா கொஞ்சுவது உருதில். ‘ஒரே மொழி போதும், வீட்டிலும் தமிழே பேசுங்க’ என்று சொல்லி அனுப்புகிறீர்கள். தமிழ் சரளமாக வராத அந்த அம்மா தன் பிள்ளையிடம் பேசுவதையே குறைத்துக்கொள்கிறாள். காதைப் பற்றிப் பிள்ளைக்கு விளக்குவதென்றால் அவள் எந்த மொழியில் விளக்குவாள் என்று யோசியுங்கள்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்லித்தருகிறீர்கள், நல்லது. அதில் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ‘படம்’, ‘மடம்’ இரண்டுக்கும் உதடு ஒன்றுதான். வெற்றிலை போட்ட வாய், முந்தானையால் மூடிய வாய், கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிய வாய், இவையெல்லாம் கணக்கிலேயே சேராது. எதிரில் இருப்பவர் தன் பக்கம் திரும்பிப் பேச வேண்டும் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்று அவளுக்கு யாராவது பெரியவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘எனக்குக் காது கேட்காது, என்னைப் பார்த்துப் பேசுங்க’ என்ற ஒரு வரியை நாங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்திருக்கிறோம். முதலில் மளிகைக் கடையில் சொன்னாள், அப்புறம் பஸ் கண்டக்டரிடம். பள்ளிக்கூடத்தில் இன்னும் சொல்லத் தயங்குகிறாள்.

ஏன் தயங்குகிறாள் என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மெஷின் மாட்டும்போதே, ‘முடியை இப்படி இறக்கி விட்டா வெளிய தெரியாது’ என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அன்பாகத்தான் சொன்னார். தெரியக் கூடாத ஒன்று தன் தலையில் இருக்கிறது என்பது அப்படித்தான் பிள்ளை மனதில் விழுகிறது. நாங்கள் ரெட்டைச் சடை போட்டு, மெஷின் ஒயருக்குப் பொருத்தமாக நீல ரிப்பன் கட்டுகிறோம். வயசுக்கு வரும் பருவத்தில் அவளே மறைக்க நினைக்கலாம், அது அவள் இஷ்டம்.

கடைசியாக, ‘ஏன் எனக்கு மட்டும்?’ என்ற கேள்வி. இது எல்லாப் பிள்ளையும் கேட்கும். நான் என் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். என் சொந்த ஆயாவே எனக்கு மாமியார். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பேரிடமும் ஒரே மரபணுவில் ஒரே மாதிரி பழுது மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு காது கேளாமல் போக. சொந்தத்தில் கட்டினால் அப்படி இரண்டு பேர் சேர வாய்ப்பு அதிகம், அந்நியத்தில் கட்டினாலும் நடக்கும். இதைத் தனியாக எங்களிடம் பொறுமையாகச் சொன்ன ஒரு டாக்டரை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போதே, ‘சொந்தத்துல கட்டினீங்களா, அதான்!’ என்று சத்தம் போட்டவர்களும் உண்டு. சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. முகம் தெரிந்திருக்கும், என் கண்ணில் தண்ணீர் வந்ததும் தெரிந்திருக்கும். சொந்தக்காரர்கள் கிரகணத்தைச் சொல்வார்கள், பாவத்தைச் சொல்வார்கள், நேர்த்திக்கடன் பாக்கி என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது என் பாடு. நீங்களும் அந்த வரிசையில் சேர வேண்டாம். ஒரு பிள்ளைக்கு, அம்மா கர்ப்பமாக இருந்தபோது அம்மை மாதிரி வந்த ருபெல்லா காரணமாக இருக்கலாம், இன்னொன்றுக்கு மூளைக்காய்ச்சல், குறைமாதம், பிறந்தவுடன் வந்த கடுமையான மஞ்சள் காமாலை. எதுவாக இருந்தாலும் அது எப்படி நடந்தது என்று அந்தப் பிள்ளையின் வயதுக்குத் தகுந்த மாதிரி, யார் தப்பும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் வாயால் வந்தால் எங்கள் ஆயாகூட நம்புவார்.

வருகிற மாதம் நாங்கள் மேப்பிங்குக்கு வருகிறோம். இந்த முறை பேசப்போவது நான் இல்லை. அவள் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள், என்னைத் திருத்த விடவில்லை, எழுத்துப் பிழையோடு அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் ஒயர் நான் பாட்டியாகும் வரை இருக்குமா? இடது காதுக்கு ஏன் செய்யவில்லை? மின்னல் அடிக்கும்போது மெஷினைக் கழற்ற வேண்டுமா? எனக்குப் பிறக்கும் பாப்பாவுக்குக் காது கேட்குமா, கேட்காதா? காது கேட்காதவர் இந்த ரூமில் மேடமாக வேலை பார்க்கலாமா, அதற்கு என்ன படிக்க வேண்டும்?

நேராக அவளைப் பார்த்து, மெதுவாக, மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பதில் சொல்லுங்கள். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
குடியாத்தம்.